நான் அடித்த மூன்றாவது வரி

என் மேசை இழுப்பறையில் ஒரு தாள் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் அச்சில் நிறம் விலகிப்போன காலண்டர்த் தாள். லட்சுமியின் முகம் ஒரு நூல் தள்ளி இரண்டாவது தடவையும் விழுந்திருப்பதால் அம்மனுக்கு நான்கு கண்கள். மறுபக்கம் வெள்ளை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ரஃப் நோட்டு வாங்குவது அபூர்வம். அச்சகத்தில் வேலை செய்கிற மாமாவோ சித்தியோ இப்படிக் கழித்துப் போட்ட தாளைக் கட்டாகக் கொண்டுவந்து தைத்துக் கொடுத்துவிடுவார்கள். அந்த வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் நான்கு வரிகள் எழுதியிருக்கின்றன. மூன்றாவது வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் ‘தவறு’ என்று ஒரு சொல். பென்சில் எழுத்து ஒரு சிறுமியுடையது. சிவப்பு மை என்னுடையது.

எழுதியவளுக்கு அப்போது எட்டு வயது. அவள் பெயரை இங்கே நான் சொல்லவில்லை. சொல்லட்டுமா என்று அவளிடம் கேட்கவில்லை என்பதுதான் காரணம். ஒரு தடவை கேட்காமல் அவள் எழுத்தில் கை வைத்தது போதும்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற வழியில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஒரே அறையில் நாற்பது பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் மானாவாரி விவசாயம், மீதிப் பேர் வீட்டில் பட்டாசும் தீப்பெட்டியும். சும்மா பார்த்தால் வித்தியாசம் தெரியாது, மேகம் கூடினால் தெரியும். வானம் கறுத்ததும் விவசாய வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடுவார்கள். கம்பெனி வீட்டுப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். மழை பெய்தால் செய்த சரக்கு காயாது, மருந்தைத் தொட முடியாது, அம்மாவுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. பட்டாசுக்குள் அடைக்கிற கலவையைத்தான் எங்கள் ஊரில் மருந்து என்பார்கள். இதெல்லாம் இப்போது யோசித்துப் பார்க்கும்போது தெரிகிறது. அன்றைக்கு ஜன்னலுக்கு ஓடியவர்களைத் திட்டத்தான் எனக்கு நேரம் இருந்தது.

ஓடியவர்களைத் திட்டினாலும் மனதுக்குள் நானும் அவர்களோடு ஓடியிருப்பேன். நான் சம்சாரி வீட்டுப் பெண், விவசாயக் குடும்பம். என் அப்பா சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்தியபடியே வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவார். வெறும் வானமாக இருந்தால் அடுத்த வாய்ச் சோறு அவருக்கு இறங்காது. இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் பருத்தி கருகியபோது அம்மாவின் தோடு போய்த்தான் நான் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். மழையை வேண்டாம் என்று சொல்கிற ஒரு வாய் இருக்க முடியும் என்பதே எனக்குத் தெரியாது. இதை நியாயமாகச் சொல்லவில்லை. என் கோபம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் குறிப்பும் பொய்யாகிவிடும்.

அந்த நான்கு வரியை எழுதியவள் ஒல்லியான பெண், ஒற்றைச் சடை. கையைத் தூக்கினால் இறக்கமாட்டாள். நான் பார்க்காவிட்டால் இடது கையால் வலது கை முட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். அவளுடைய அம்மா ஒரு பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை செய்தாள். அப்பா இல்லை. மகள் எதற்கெடுத்தாலும் ‘எங்கம்மா சொல்லிச்சு’ என்றுதான் தொடங்குவாள். எறும்பு ஏன் வரிசையாகப் போகிறது, நிலா ஏன் கூடவே வருகிறது, எல்லாவற்றுக்கும் அம்மா ஏதாவது சொல்லியிருப்பாள். மற்ற டீச்சர்களிடம் இதைச் சொல்லி நான் சிரித்ததுண்டு.

அது தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்த நேரம். கம்பெனிகளில் சீசன் உச்சத்தில் இருந்தது. அறிவியல் பாடத்தில் ‘நெருப்பும் நீரும்’ நடத்தினேன். மேசைமேல் மெழுகுவத்தி ஏற்றி, ஒரு பிள்ளையை அழைத்துத் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். சொய்ங் என்று அணைந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அவள் கை மட்டும் மேலே நின்றது.

“டீச்சர், மருந்துல மட்டும் தண்ணி படக் கூடாது. பட்டா அதுவாச் சூடாகிப் பிடிச்சிக்கிரும். எங்கம்மா சொல்லிச்சு.”

“ஏ புள்ள, இப்பத்தான கண்ணால பாத்த? தண்ணி பட்டா நெருப்பு அணையுமா, பத்துமா?”

“அணையும் டீச்சர். ஆனா மருந்து...”

“ஆனாவும் கிடையாது ஆவன்னாவும் கிடையாது. உக்காரு.”

வகுப்பு சிரித்தது. ‘நீர் நெருப்பை அணைக்கும்’ என்று எல்லாரையும் மூன்று தடவை சேர்ந்து சொல்ல வைத்தேன். நன்றாக நினைவிருக்கிறது, பாதி வகுப்புத்தான் சிரித்தது. மீதிப் பாதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பாதி எந்தப் பாதி என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும்.

மறுநாள் தமிழ்ப் பாடம். மழையைக் கூப்பிடுகிற ஒரு பாட்டைப் படித்துவிட்டு, ஆளுக்கு நான்கு வரி சொந்தமாக எழுதச் சொன்னேன். பெரும்பாலான பிள்ளைகள் பாடப் பாட்டையே கொஞ்சம் கலைத்துப் போட்டு எழுதினார்கள். அவள் அந்தக் காலண்டர்த் தாளை நீட்டினாள்.

மழையே மழையே பைய வா
மருந்து காஞ்ச பெறகு வா
நனைஞ்ச மருந்து நெருப்பாகும்
எங்கம்மா வந்த பெறகு வா

அன்றைக்கு எனக்கு வந்தது எரிச்சல். நேற்றுத்தான் மூன்று தடவை சொல்ல வைத்தோம், இன்றைக்கு அதையே பாட்டாக எழுதிக்கொண்டு வருகிறாளே, எவ்வளவு அழுத்தம் என்று தோன்றியது. அதற்கும் மேலே, மழையை மெதுவாக வரச் சொல்கிறாள். வகுப்பு முழுவதும் கேட்கும்படி வாசித்துக் காட்டி, மூன்றாவது வரியை அடித்து, ‘தவறு’ என்று எழுதினேன். “வாற மகராசிய வராதங்குறியே, ஊரு வெளங்குமா?” என்று கேட்டேன். பிறகு, நல்ல டீச்சராக, பக்கத்தில் உட்கார வைத்து அந்தப் பாட்டைத் திருத்தியும் கொடுத்தேன். மழையே மழையே விரைந்து வா, மண்ணும் மரமும் குளிர வா, நனைந்த பயிர்கள் செழிப்பாகும், நாங்கள் ஆட விரைந்து வா. அவள் கையாலேயே சார்ட்டில் எழுத வைத்துச் சுவரில் ஒட்டினேன், கீழே அவள் பெயரோடு. அவளுடைய நான்கு வரிக்குள் இருந்த ஒரே மனுஷி அம்மா. அந்த அம்மாவையும் எடுத்துவிட்டேன்.

அதற்கு மறுநாள் காலை, மணி அடிப்பதற்கு முன்பே, அவளுடைய அம்மா வந்து நின்றாள். கம்பெனிக்குப் போகிற சேலை. நகக்கண்களில் அலுமினியத் தூள் வெள்ளியாக மின்னியது. தலைமை ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். நானும் அவரும்தான் உள்ளே இருந்தோம்.

“டீச்சர், புள்ளையத் திட்டுனீகன்னு நான் வரல. தப்புச் செஞ்சா ரெண்டு போடுங்க. அந்தத் தண்ணி விசயந்தான்...”

“என்ன தண்ணி விசயம்?”

“நாங்க வார பாதையில ஓடை இருக்கு டீச்சர். கம்பெனிக் கழிவ அங்கனதான் கொட்டுறாக. மழை பெஞ்சா சில நேரம் பொகையும். பொகஞ்சா கிட்டப் போகாத, தண்ணி ஊத்தாத, ஓடி வந்துருன்னு சொல்லி வளத்திருக்கேன். நேத்து எங்கிட்டச் சொல்லுது, ‘நீ சொன்னது தப்பும்மா, தண்ணி ஊத்துனா அணைஞ்சிரும், டீச்சர் சொல்லிட்டாக’ன்னு. படிச்சவுக வாயில வந்தா அது நம்பிரும். இனிமே நான் சொன்னா நம்பாது. ஒரே ஒரு வார்த்த டீச்சர். அம்மா சொன்னதும் சரிதான்னு மட்டும் அதுகிட்டச் சொல்லிருங்க.”

அவள் குரலில் சண்டை இல்லை. கெஞ்சலும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டாயா என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். சுருக்கென்றது எனக்கு. மருந்து அடைக்கிற பொம்பளை எனக்கு அறிவியல் சொல்லித்தர வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன், அதுவும் தலைமை ஆசிரியருக்கு முன்னால்.

“புத்தகத்துல இல்லாததெல்லாம் நான் சொல்ல முடியாதும்மா. நாளைக்கு அதிகாரி வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்ல?”

“டீச்சர் பாத்துக்கிருவாக, நீ போம்மா, வேலைக்கு நேரமாச்சுல்ல?” என்றார் தலைமை ஆசிரியர். அவள் எங்கள் இருவரையும் ஒரு தடவை பார்த்தாள். “சரிங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் கேட் தாண்டும் முன்பே, ‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ என்று நான் சொன்னேன். தலைமை ஆசிரியர் சிரித்தார். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னது சொன்னதுதான்.

வகுப்புக்குள் நுழைந்தபோது மகள் என் முகத்தையே பார்த்தாள். அம்மா வந்துவிட்டுப் போனதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்க வேண்டும். சொல்லியிருக்கலாம். ‘உங்கம்மா சொன்னதையும் கேட்டுக்கோ’ என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தால்கூடப் போதும். என் கௌரவத்தில் ஒரு துளியும் குறைந்திருக்காது. நான் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்தேன். அவள் ‘உள்ளேன் டீச்சர்’ என்றாள்.

அந்த வருட ஆண்டு விழாவில் அவள் திருத்திய பாட்டை மேடையில் ஒப்பித்தாள். பயிர்கள் என்ற இடத்தில் நான் சொல்லிக் கொடுத்தபடியே இரண்டு கைகளையும் அசைத்தாள். வந்திருந்த அதிகாரி, “மூணாங் கிளாஸ் புள்ளைக்கு என்ன அழகான சிந்தனை!” என்று என்னைத்தான் பாராட்டினார். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் வகுப்பில் கையைத் தூக்கவில்லை. கேட்டால் பதில் சொல்வாள், சரியான பதில், புத்தகத்தில் இருக்கிற வரி. ‘எங்கம்மா சொல்லிச்சு’ நின்றுபோனது. நல்ல மார்க். திருந்திவிட்டாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். இரண்டு வருடத்தில் அவள் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனாள், எனக்கும் சாத்தூர்ப் பக்கம் மாறுதல் வந்தது.

உண்மை எனக்குத் தெரிந்தது பஸ்ஸில். சாத்தூரில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு என்னோடு தினமும் வருகிற ஒரு வேதியியல் ஆசிரியர் இருந்தார். ஒரு மழை நாளில் ரோட்டோரம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு யாரும் கலவையைத் தொடமாட்டாங்க” என்றார். ஏன் என்று கேட்டேன். அலுமினியத் தூளும் வெடியுப்பும் கலந்ததில் ஈரம் சேர்ந்தால் தானாகவே சூடேறும், சில சமயம் தீப்பிடித்துக்கொள்ளும் என்று சாதாரணமாகச் சொன்னார். “இது இங்க சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே டீச்சர்” என்றார். அதற்குமேல் அவர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து பழைய கோப்புகளைப் புரட்டி இந்தத் தாளைத் தேடி எடுத்தேன். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எத்தனை மழை நாள் அவள் அந்த ஓடையைத் தாண்டி வந்திருப்பாள், எத்தனை நாள் அது புகைந்திருக்கும், ‘டீச்சர் சொல்லிட்டாக’ என்று கையில் தண்ணீரோடு அவள் போயிருந்தால்? அன்றிரவு சோறு இறங்கவில்லை.

மறுநாளே போய்ப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை. பரீட்சை முடியட்டும், லீவு வரட்டும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஊர் ஒன்றும் கடல் கடந்து இல்லை, ஒரு மணி நேரப் பஸ். அவள் நன்றாக இருக்கிறாள் என்று யாராவது சொல்லிவிட்டால் தேவலை என்று இருந்தது, போய்க் கேட்கத்தான் பயம். வேறு ஏதாவது பதில் வந்துவிட்டால் என்ன செய்வது? இப்படியே வருடக்கணக்கில் ஓட்டினேன். தெரியாமல் செய்ததைவிட, தெரிந்த பிறகு போகாமல் இருந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

போன வருடம் அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்கத் திருத்தங்கலில் ஒரு அச்சகத்துக்குப் போனேன். உள்ளே காலண்டர்களின் தலையில் தகரப் பட்டி அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள்.

“டீச்சர், என்னயத் தெரியுதா?”

தெரிந்தது. ஒற்றைச் சடை கொண்டையாகியிருந்தது, அவ்வளவுதான். அவளுடைய மகள், ஏழு வயது இருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு தாள்கட்டின் மேல் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். என் மாணவி எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டபோது வலது மணிக்கட்டுக்கு மேலே ஒரு பழைய சூட்டுத் தழும்பைப் பார்த்தேன்.

“இது என்ன?”

“இதா? கல்யாணமான புதுசுல பணியாரச் சட்டி எண்ணெய் தெறிச்சது டீச்சர்.”

எனக்கு வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே கூச்சமாக இருந்தது. ஒரு பெண்ணின் கை சுட்டதற்குச் சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். அம்மாவைப் பற்றிக் கேட்டேன். வேலையை விட்டுவிட்டாள், கண் கொஞ்சம் மங்கல், மற்றபடி நன்றாக இருக்கிறாள் என்றாள். அப்புறம் சொன்னேன். அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி, உங்கம்மா சொன்னதும் சரி, நான்தான் தப்பு, அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன் என்று.

அவள் சிரித்துவிட்டாள். “அத எதுக்கு டீச்சர் வச்சிருக்கீக, எடைக்குப் போடுங்க. அது தப்பில்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“அன்னைக்கேயா? நீ என் பேச்சத்தான் நம்புறேன்னு உங்கம்மா வந்து சொன்னாங்களே.”

“மொதல்ல நம்புனேந்தான். அம்மா ஒங்களப் பாத்துட்டு வந்து அன்னைக்கு வேலைக்குப் போகல. சாயந்தரம் மழையோட மழையா என்னய ஓடைக்குக் கூட்டிட்டுப் போச்சு. ரொம்ப தூரத்துல நிப்பாட்டி, கழிவு பொகையிறதக் காமிச்சுச்சு. ‘அம்புட்டு மழையும் அதும்மேலதான் பெய்யிது, அணையுதான்னு நீயே பாரு’ன்னுச்சு. நனஞ்சுக்கிட்டே நின்னு பாத்தோம் டீச்சர். அணையல. பொகை கூடத்தான் செஞ்சது. வீட்டுக்கு வந்து தலையத் தொவட்டிவிடும்போது சொல்லிச்சு, ‘பள்ளிக்கூடத்துல டீச்சர் சொல்றத எழுது. வெளிய வந்தா கண்ணால பாத்தத நம்பு. ரெண்டையும் கலந்துறாத’ன்னு.”

பிறகு கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். “நான் கலக்கவே இல்ல டீச்சர்.”

நான் மெழுகுவத்தியை வைத்து நடத்திய பாடத்தை அந்த அம்மா மழையில் நின்று நடத்தியிருக்கிறாள். என்னிடம் கேட்ட ஒரு வார்த்தை கிடைக்காமல், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத் தானே போய்ச் செய்திருக்கிறாள். அவளைத்தான் நான் கழுதை என்றேன். அப்போது தாள்கட்டின் மேலிருந்து சின்னவளின் குரல் வந்தது.

“எம்மா, ‘மழை நாள்’னு அஞ்சு வரி எழுதணும். மழை பெஞ்சா பேப்பர் சுருண்டுக்கிரும், எங்கம்மா அதத் தடவித் தடவி நிமித்தும். இத எழுதவா?”

“அதெல்லாம் வேண்டாம். குடை பிடிப்போம், கப்பல் விடுவோம்னு எழுது. அதுக்குத்தான் மார்க்கு.”

“அவ சொன்னதையே எழுதட்டுமே. நல்லா இருக்கு” என்றேன் நான். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது. சிறுமி என்னைப் பார்க்கவில்லை. அவளுடைய அம்மாவைப் பார்த்தாள்.

“வேண்டாம் டீச்சர்” என்றாள் என் மாணவி, அதே மரியாதையோடு. “அவுக டீச்சர் தப்புன்னு அடிச்சிட்டாகன்னா புள்ளைக்கு மனசு விட்டுப்போகும்.”

அவள் என்னைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லத் தெரிந்தவளும் இல்லை. உலகத்தில் டீச்சர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நம்பி, மகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறாள். அந்தச் சின்னவள் தலையாட்டிவிட்டு, எழுதத் தொடங்கியிருந்த வரியை ரப்பரால் அழித்தாள். தாளைத் திருப்பி உதறியபோது மறுபக்கத்தில் ஏதோ ஒரு சாமியின் நிறம் விலகிய முகம் தெரிந்தது. கப்பல் என்று எழுதினாள்.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்தேன். இத்தனை வருடத்தில் சிவப்பு மை வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. ‘தவறு’ என்பதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க முடிகிறது. பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது. மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் ‘சரி’ என்று எழுதலாம் என்று பேனாவைத் திறந்தேன். வகுப்பில் நாற்பது பேர் கேட்க வாசித்து அடித்த வரி அது. இப்போது வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.